உங்களுடன் நிற்கிறோம்

அநீதிக்கு ஆளானவளின் பெயர் ரேடியோ. பள்ளிச் சான்றிதழில் வேறு பெயர் இருந்தது. ஆனால் பேசத் தொடங்கிய நாளிலிருந்து வாயை மூடாததால் வீட்டில் இந்தப் பெயரை வைத்தார்கள், தெருவும் வழிமொழிந்துவிட்டது. அவளுக்கு இழைக்கப்பட்ட அநீதி பின்வருமாறு: அவளுக்கு ஒரு சக்கர நாற்காலி தேவைப்பட்டது. அது ஒரு கண்ணாடிக் கதவுக்குப் பின்னால், பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல், வரிசையாக நின்றுகொண்டிருந்தது. அதை அவளுக்குக் கொடுத்தால் அவளுடைய மானம் போய்விடும் என்று, அவளைவிட அவள் மானத்தின் மேல் அக்கறை கொண்ட சிலர் தீர்மானித்துவிட்டார்கள்.

அந்தச் சிலர் வானத்திலிருந்து குதித்தவர்கள் அல்ல. ஊருக்கெல்லாம் மெத்தை விற்றுப் பெரிய ஆளான முதலாளி ஒருவருக்கு நடுவயதில் தூக்கம் கெட்டது. மனசாட்சி உறுத்துகிறது என்றார்கள் நண்பர்கள், வயிற்றுப் புளிப்பு என்றார் மருத்துவர். இரண்டுக்கும் சேர்த்து அவர் 'அன்புக்கரம்' என்று ஓர் அறநிலையம் தொடங்கினார். வருடாவருடம் மேடை போட்டு, நடக்க முடியாதவர்களை வெயிலில் காக்கவைத்து, சக்கர நாற்காலி வழங்குவார். நாற்காலியின் ஒரு கைப்பிடியை அவர் பிடித்திருப்பார், மறு கைப்பிடியை வாங்குபவர் பிடித்திருப்பார். போட்டோக்காரர் தலையாட்டும்வரை அது யாருடையது என்பது முடிவாகாது.

ரேடியோவுக்குப் பள்ளி வயதில் கிடைத்த நாற்காலி அப்படி வந்ததுதான். அதன் முதுகில் முதலாளியின் பெயரும் பட்டங்களும் பெரிய எழுத்தில் எழுதியிருந்தன. அவள் எங்கே போனாலும் பின்னால் வருகிறவர்கள் மெத்தைக் கடையின் விலாசத்தைத் தெரிந்துகொண்டார்கள். அக்காவைக் கட்டிய, வீட்டுக்கு வீடு சுண்ணாம்பும் பெயின்ட்டும் அடிக்கிற அவளுடைய அத்தான், ஒருநாள் மிச்சமிருந்த பச்சைப் பெயின்ட்டை எடுத்து அந்தப் பட்டங்களை மூடினார். மலிவுப் பெயின்ட். மழை பெய்தால் முதலாளி எட்டிப் பார்ப்பார்.

பிறகு முதலாளியின் மகள் வெளிநாட்டில் படித்து முடித்துத் திரும்பி வந்தாள். இரக்கம் என்பது ஆதிக்கம் போட்டுக்கொள்ளும் மெல்லிய சட்டை என்றும், தர்மம் செய்கிறவன் தன் புகழுக்குத் தீனி போடுகிறான் என்றும், ஏழைக்கு வேண்டியது பிச்சை அல்ல நீதி என்றும் சொன்னாள். அவள் சொன்னதில் எதுவுமே தப்பில்லை என்பதுதான் இந்தக் கதையின் சிக்கல். தப்பாகச் சொல்லியிருந்தால் ஆரம்பத்திலேயே முடிந்திருக்கும்.

'அன்புக்கரம்' பலகை இறங்கியது, 'நீதித் தோழமை' பலகை ஏறியது. அதன் கீழே, 'கொடுக்க மாட்டோம். உங்களுடன் நிற்கிறோம்' என்று எழுதினார்கள். அப்பா எதிர்ப்பார் என்று மகள் மூன்று மணி நேர வாதத்துக்குத் தயாராகப் போயிருந்தாள். அவர் இரண்டாவது வாக்கியத்திலேயே மனம் மாறினார். கொடுக்காமல் இருப்பதுதான் உயர்ந்த அறம் என்று பெற்ற பிள்ளையே வந்து சொல்லும் பாக்கியம் எத்தனை பணக்காரர்களுக்கு வாய்க்கும்? அன்றிரவு அவர் நன்றாகத் தூங்கியதாகச் சொல்கிறார்கள்.

மகள் இயக்குநரானாள். பதவிப் பெயர் சொல்லி அழைப்பது அதிகார மனப்பான்மை, என்னைத் தோழி என்றே கூப்பிட வேண்டும் என்று எழுத்து மூலம் உத்தரவு போட்டாள். நாற்காலிக் கிடங்கின் சாவியை வைத்திருந்த பழைய கிடங்குக்காரருக்கு உத்தரவை மீறவும் பயம், வெறும் தோழி என்று கூப்பிடவும் பயம். ஆகவே அவர் "தோழி மேடம்" என்றார். மற்றவர்களும் அதையே பிடித்துக்கொண்டார்கள்.

இந்த நேரம் பார்த்துத்தான் ரேடியோவுக்கு வேலை கிடைத்தது, நாற்காலியும் உடைந்தது.

வேலை, பேருந்து நிலையத்தில் அறிவிப்பாளர். அதற்கென்றே பிறந்த குரல். வீட்டிலேயே பயிற்சி எடுத்துக்கொண்டிருந்தாள். "பயணிகளின் கனிவான கவனத்திற்கு. அடுப்படியிலிருந்து கூடம் வழியாகத் தட்டுக்கு வர வேண்டிய சாப்பாடு, அக்கா பக்கத்து வீட்டோடு பேசிக்கொண்டிருப்பதால் காலதாமதமாகப் புறப்படும்" என்பாள். நிலைய மேலாளர் அந்தக் குரலைக் கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, "இந்தக் குரல்ல சொன்னா பஸ்ஸே வரலைன்னாலும் ஜனங்க கோச்சுக்க மாட்டாங்க" என்றார். வேலை உறுதி. ஆனால் ஒரு நிபந்தனை. அறிவிப்பு அறைக்குள் ஊழியரைத் தவிர யாரும் வரக்கூடாது. தூக்கிக்கொண்டு வந்து உட்கார வைக்க ஆளை விடமாட்டார்கள். அங்கே சரிவு இருக்கிறது, அகலக் கதவு இருக்கிறது, அவளாக உருட்டிக்கொண்டு வந்துவிட வேண்டும். ஒன்றாம் தேதி சேரவில்லை என்றால் யாரையாவது வைத்து ஒருமுறை பதிவு செய்து, அதையே ஆயுளுக்கும் ஓட்டிவிடுவார்கள்.

நாற்காலியோ முன்சக்கரம் கழன்று கிடந்தது. அத்தான் கம்பி கட்டிப் பார்த்தார். நேரே தள்ளினால் இடப்பக்கம் திரும்பிச் சாக்கடையைப் பார்த்தது. இன்னொரு முறை கட்டினார். அச்சு முறிந்தது. அதைச் செய்த கம்பெனியே மூடியாகிவிட்டது என்றார்கள் கடையில்.

"நீதித் தோழமைல கேட்டுப் பாப்போம். கண்ணாடி வழியா பாத்தேன், அத்தனை நாற்காலி சும்மா நிக்குது" என்றாள் அக்கா. அவள் தையல்காரி. வீட்டின் முன்னறைதான் கடை. கழுத்தில் அளவு நாடாவைக் கழற்ற மறந்து அப்படியே கிளம்பினாள். ரேடியோ அத்தான் முதுகில் ஏறிக்கொண்டாள்.

ஆபீஸ் வாசலில் படிக்கட்டு. கைப்பிடி இல்லாத, செங்குத்தான சிமென்ட் படிக்கட்டு. ஏறி முடித்தபோது பெயரைக் கேட்டிருந்தால்கூட அத்தான் சொல்லும் நிலையில் இல்லை.

தோழி மேடம் ஓடிவந்து வரவேற்றாள். ரேடியோவை மெத்தென்ற சோபாவில் உட்கார வைக்கச் சொல்லிவிட்டு, தான் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். "மேலேயிருந்து பேசறது எனக்குப் பிடிக்காது." மேடமே தரையில் உட்கார்ந்த பிறகு நாம் மேலே உட்காருவதா என்று அக்காவும் இறங்கினாள். அத்தான் ஏற்கெனவே தரையில்தான் கிடந்தார். ரேடியோ மட்டும் உயரத்தில், தீர்ப்புச் சொல்ல வந்தவள் மாதிரி.

"சொல்லுங்க தோழி. உங்க வலி என்ன?"

"வலி ஒண்ணும் இல்லைங்க. என் நாற்காலி உடைஞ்சிருச்சு. அதோ கண்ணாடிக்குப் பின்னாடி நிக்குதே, அதுல ஒண்ணு குடுத்தீங்கன்னா கிளம்பிடுவேன். ஒண்ணாம் தேதி வேலைல சேரணும்."

'குடுத்தீங்கன்னா' என்ற சொல் காதில் விழுந்ததும் தோழி மேடத்தின் முகம், காலை யாரோ மிதித்த மாதிரி சுருங்கியது.

"நாங்க கொடுக்கறதை விட்டுட்டோம் தோழி."

"சிகரெட்டை விட்ட மாதிரி சொல்றாங்க" என்றார் அத்தான், அக்காவின் காதில்.

"கொடுக்கிறவங்க மேல, வாங்குறவங்க கீழன்னு ஆயிடுது. அந்த ஏற்றத்தாழ்வைத்தான் நாம உடைக்கணும்."

"நான் எப்பவும் கீழேதாங்க இருக்கேன். உக்காந்தே இருக்கிறவளுக்கு அது பழகிப்போச்சு. நீங்க குடுங்க, நான் சமாளிச்சுக்கறேன்."

"முடியாது தோழி. உங்க சுயமரியாதை என்ன ஆகறது?"

"அதை இடுப்புல கட்டிக்கிட்டு நாற்காலில உக்காந்துக்கறேன்."

"இப்படிப் பேசறதே, காலங்காலமா உங்களைப் பழக்கி வெச்சதோட விளைவு." தோழி மேடம் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். கண்களில் உண்மையாகவே ஈரம் இருந்தது.

"சரிங்க, அப்ப அந்த நாற்காலிங்க எல்லாம் எதுக்கு?"

"அதெல்லாம் எங்க பழைய தவறுகளோட நினைவுச் சின்னம். தினமும் பார்த்து வெட்கப்படறதுக்காக வெச்சிருக்கோம்."

"வெட்கப்பட ரெண்டு மூணு போதாதா? மிச்சத்துல ஒண்ணு..."

"வெட்கத்துல சமரசம் கூடாது தோழி."

ரேடியோவுக்கு வாதாடுவதென்றால் பிடிக்கும். தோழி மேடத்துக்கும் பிடிக்கும். ஆகவே பேச்சு சீக்கிரம் முடியவில்லை. சக்கர நாற்காலி தனிமனிதத் தீர்வு என்றாள் தோழி மேடம். குற்றவாளி கால் அல்ல, படிக்கட்டு. படிக்கட்டு கட்டிய சமூகத்தைக் கேள்வி கேட்காமல் ஆளுக்கொரு நாற்காலியைத் தந்துவிட்டால் சமூகம் தப்பித்துக்கொள்ளும். இத்தனை வருடங்களில் ரேடியோவுக்குத் தோன்றி, சொல்லத் தெரியாமல் இருந்த விஷயம் அது.

"நீங்க சொல்றது நூத்துக்கு நூறு சரி. அப்ப முதல்ல உங்க வாசல் படிக்கட்டை இடிச்சிட்டு ஒரு சரிவு போட்டுடலாமே?"

"அதை வேணும்னேதான் விட்டு வெச்சிருக்கோம். இங்க வர்ற ஒவ்வொருத்தரும் சமூகத்தோட தடைகளை உடம்பால உணரணும்."

"உணர்ந்துட்டேம்மா" என்றார் அத்தான், இடுப்பைப் பிடித்தபடி.

"அறிகுறிக்கு மருந்து போடக்கூடாது தோழி. வேருக்குப் போகணும்."

"போலாமே. உங்க மெத்தைத் தொழிற்சாலைல பஞ்சு அடிக்கிற பொம்பளைங்க நாள் முழுக்க இருமிக்கிட்டே இருக்காங்க. அந்த வேருக்கு எப்ப போறீங்க?"

தேநீர் கொண்டுவந்த கிடங்குக்காரர் தட்டை வைத்துவிட்டு வேகமாக வெளியே போனார். தோழி மேடம் ஒரு கோப்பையை எடுத்து நிதானமாக ஊதிக் குடித்தாள். நீதித் தோழமையில் தேநீர் இடைவேளைக்குப் பெரிய மதிப்பு உண்டு.

"அது அப்பா பிரிவு" என்றாள். "ஆனா உங்களை நாங்க கைவிட மாட்டோம். நாளையிலேருந்து உங்களுடன் நிற்போம்."

ஏதோ பேச்சுக்குச் சொல்கிறாள் என்று நினைத்தார்கள். மறுநாள் காலை அக்கா கடையைத் திறந்தபோது இரண்டு பேர் வாசலில் இருந்தார்கள். ஒருவன் நெட்டை, இன்னொருவன் கண்ணாடி போட்டவன். சட்டையில் 'உடன்நிற்பாளர்' என்று வில்லை குத்தியிருந்தது. உள்ளே வந்து, ரேடியோவுக்கு இந்தப் பக்கம் ஒருவன், அந்தப் பக்கம் ஒருவனாக நின்றார்கள்.

"உக்காருங்க தம்பி" என்றாள் அக்கா.

"இல்லக்கா. நிக்கறதுதான் வேலை."

"கால் வலிக்காதா?"

"வலிக்குதுக்கா. வலிக்கணும்கிறதுதான் திட்டமே."

தையல் இயந்திரம், துணிக் குவியல், இஸ்திரி மேசை, அதற்கு நடுவில் அக்கா, ரேடியோ. இதற்கு மேல் இரண்டு ஆட்கள் நின்றால் ஊசி கோர்க்கக்கூடக் கை நீட்ட முடியாது. ரவிக்கை வாங்க வந்த ஒரு பெண்மணி இருபுறமும் விறைப்பாக நிற்பவர்களைப் பார்த்துவிட்டு, "கடன் வாங்கி மாட்டிக்கிட்டீங்களா? ஜப்தியா?" என்று மெதுவாகக் கேட்டு, தன் துணியை மட்டும் அவசரமாக உருவிக்கொண்டு போனாள். அன்று முழுக்க வேறு யாரும் வரவில்லை.

சாயங்காலம் அத்தான் வந்தார். நின்றவர்களை ஏற இறங்கப் பார்த்தார்.

"தம்பிங்களா, நல்ல திடகாத்திரமா இருக்கீங்க. இவளை ஆளுக்கொரு பக்கம் பிடிச்சு அந்த பஸ் ஸ்டாண்டு மேலாளரைப் பாக்க தூக்கிட்டு வந்தீங்கன்னா, இன்னும் ஒரு மாசம் டயம் கேட்டுப் பாக்கலாம்."

நெட்டையன் பதறிப்போனான். "தூக்கக் கூடாதுங்க. தூக்கினா அது உதவி. உதவி பண்ணா எங்க வேலை போயிடும்."

"சரிப்பா, அந்தத் தண்ணி டம்ளரையாவது எடுத்துக் குடு" என்றாள் ரேடியோ.

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கண்ணாடிக்காரன் சற்று யோசித்து, "தண்ணீர் உங்க உரிமைன்னு நாங்க சேர்ந்து குரல் கொடுக்கலாம்" என்றான். கொடுக்கவும் கொடுத்தார்கள். பக்கத்து வீட்டில் குழந்தை தூங்குவதால் தணிந்த குரலில்தான். அக்கா எழுந்து தண்ணீரை எடுத்துக் கொடுத்தாள். அவளுக்கு அதிகாரப் படிநிலை பற்றி ஒன்றும் தெரியாது.

அத்தானே முதுகில் சுமந்து போய் மேலாளரிடம் பேசினார். "இன்னும் ஒரு மாசம். அதோட நான் பதிவு செஞ்ச குரலைப் போட்டுடுவேன்மா, கோச்சுக்காதே" என்றார் மேலாளர்.

அந்த மாதத்தின் நடுவில் ஆபீசிலிருந்து அழைப்பு வந்தது. ரேடியோவை 'வாழ்வனுபவ ஆலோசகர்' ஆக்கியிருக்கிறார்களாம். உணர்தல் பயிலரங்கு நடக்கிறதாம், அவள் வந்து வழிநடத்த வேண்டுமாம். அத்தான் மறுபடியும் படிக்கட்டைப் பார்த்தார். படிக்கட்டும் அவரைப் பார்த்தது.

உள்ளே நுழைந்த ரேடியோவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. கண்ணாடிக் கதவு திறந்திருந்தது! நாற்காலிகள் அத்தனையும் பிளாஸ்டிக் உறை பிரிக்கப்பட்டு, கூடத்தில் பளபளவென்று உருண்டுகொண்டிருந்தன. ஒவ்வொன்றிலும் நீதித் தோழமையின் ஊழியர் ஒருவர். கணக்குப் பிரிவு ஆள் ஒருவர் விளம்பரப் பிரிவுப் பெண்ணோடு பந்தயம் விட்டு ஜன்னல் திரையில் சிக்கிக்கொண்டார். தோழி மேடம் கூடத்தின் நடுவே, கைப்பிடியில் தலை சாய்த்து அழுதுகொண்டிருந்தாள்.

"எவ்வளவு கஷ்டம் தோழி! காலையிலேருந்து உக்காந்திருக்கேன். அந்த மேசை மேல இருக்கிற பிஸ்கெட்டைக்கூட எட்ட முடியலை."

ரேடியோவை மூலையில் ஒரு பிளாஸ்டிக் முக்காலியில் உட்கார வைத்தார்கள். அது ஆடியது.

"யாராவது ஒருத்தர் எழுந்தா நான் அதுல உக்காந்துக்குவேன்."

"எழ முடியாதே தோழி. இன்னிக்கு முழுக்க எழுந்திருக்க மாட்டோம்னு உறுதி எடுத்திருக்கோம்."

"மதியச் சாப்பாடு மாடியிலாச்சே?" என்றார் கிடங்குக்காரர், கதவோரத்திலிருந்து.

உறுதிமொழியில் அதற்கு ஒரு விதிவிலக்கு செய்யப்பட்டது. எல்லோரும் எழுந்து மாடிக்கு நடந்தார்கள். காலியான நாற்காலிகளை, யாரும் தவறாகப் பயன்படுத்திவிடக் கூடாதென்று, கிடங்குக்காரர் உள்ளே தள்ளிப் பூட்டினார். பூட்டும்போது அவர் ரேடியோவைப் பார்க்கவில்லை. மூலையில் முக்காலி ஆடிக்கொண்டிருந்தது.

சாப்பிட்டு வந்ததும் தோழி மேடம் பெரிய அறிவிப்பு ஒன்றைச் செய்தாள். "இன்றோடு முடிவெடுக்கும் அதிகாரத்தை பாதிக்கப்பட்டவர்களிடமே ஒப்படைக்கிறோம். தோழி, நீங்க என்ன சொன்னாலும் அதுதான் தீர்மானம்."

ரேடியோ மூச்சை இழுத்துக்கொண்டாள். இதற்கு மேல் எப்படித் தப்பிப்பார்கள்? "கிடங்கைத் திறங்க. நாற்காலியை எல்லாம் தேவைப்பட்டவங்களுக்குக் குடுங்க."

"அருமை! முதல் பாதி ஒருமனதா நிறைவேறுது. ரெண்டாவது பாதில 'குடுங்க'ன்னு ஒரு சொல் இருக்கு. அதை மட்டும் திருத்துவோம்."

அது எப்படித் திருத்தப்பட்டது என்பதை ஊரே அறியும். உரிமை என்பது ஒருவர் கொடுத்து வருவதல்ல, தானே எடுத்துக்கொள்வது. எனவே மாதக் கடைசி ஞாயிறு 'எடுத்துக்கொள்ளும் நாள்'. கிடங்கு திறந்திருக்கும். யாரும் யாருக்கும் எதையும் கொடுக்க மாட்டார்கள். யார் வேண்டுமானாலும் வந்து எடுத்துக்கொள்ளலாம். உனக்குத் தேவையா என்று கேட்பதுகூட அவமதிப்பு என்பதால் அதையும் கேட்க மாட்டார்கள். ஒரே ஒரு விதி, பிறருக்காக எடுக்கக்கூடாது. அது மறைமுகக் கொடை.

ஞாயிறு காலை படிக்கட்டில் கூட்டம் அலைமோதியது. கால் நன்றாக இருந்தவர்கள் எல்லோரும் வந்திருந்தார்கள். கால் இல்லாதவர்கள் வழியில் வந்துகொண்டிருந்தார்கள். ரேடியோவைக் கீழே ஒரு திட்டில் உட்கார வைத்துவிட்டு, அத்தான் முண்டியடித்து மேலே போனார். வாசலில் உடன்நிற்பாளர்கள் இருவரும் நின்றார்கள்.

"யாருக்குங்க?"

"என் மச்சினிக்குப்பா. நீதான் எங்க வீட்ல நின்னியே, தெரியாதா?"

நெட்டையனுக்குத் தெரியும். அதுதான் சங்கடம். "உங்களுக்குன்னு சொல்லியிருந்தா விட்டிருப்பேன். மச்சினிக்குன்னு சொல்லிட்டீங்களே அண்ணா."

"சரி, எனக்குன்னு வெச்சுக்கோயேன்."

"இப்ப சொன்னா பொய்யாயிடும்."

அவர்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே அவரைத் தாண்டிச் சந்தை வெங்காயக்காரர் ஒருவர் உள்ளே போனார். கை கால் எல்லாம் கல்தூண் மாதிரி. யாருக்கு என்று கேட்டதற்கு, "எனக்குத்தான், வேற யாருக்கு?" என்றார். உண்மை பேசுகிறவரை யார் தடுப்பது?

அத்தான் ஓடிவந்து ரேடியோவைத் தூக்கிக்கொண்டு ஏறினார். பாதிப் படியில் கண்ணாடிக்காரன் குறுக்கே வந்தான். "அண்ணா, தூக்கிட்டு வந்தா அது..."

"உதவி. தெரியும்" என்றாள் ரேடியோ. "இறக்கி விடுங்க அத்தான். நானே ஏறறேன்."

படியில் உட்கார்ந்தாள். பின்பக்கமாகத் திரும்பி, கைகளை மேல்படியில் ஊன்றி, உடம்பை இழுத்து ஏறத் தொடங்கினாள். உள்ளங்கையில் சிமென்ட் உரசியது. பக்கத்தில் கால்கள் ஏறின, கால்கள் இறங்கின. ஒவ்வொரு முறை கால்கள் இறங்கும்போதும் ஒரு நாற்காலி அவள் தலைக்கு மேலாகப் போனது. ஒன்று சலூனுக்கு. ஒன்று மொட்டை மாடியில் உட்கார்ந்து காற்று வாங்க. ஒன்று எதற்கென்று எடுத்தவருக்கே தெரியவில்லை, எல்லோரும் எடுத்தார்கள், அவரும் எடுத்தார். கடைசியாக வெங்காயக்காரர் வந்தார்.

"கொஞ்சம் தலையைக் குனிம்மா, சக்கரம் பட்டுடும்."

அவள் குனிந்தாள். நிமிர்ந்தபோது மேல்படி. கிடங்கு துடைத்து விட்டாற்போல் இருந்தது. போட்டோக்காரர் மண்டியிட்டு, அவளை மட்டும், வானம் தெரிகிற மாதிரி, படம் எடுத்தார். அந்த வருட மலரின் அட்டையில் அதுதான் வந்தது. கீழே, 'அவள் தானே ஏறினாள்'.

வீடு திரும்பும் வழியில் ரேடியோ ஒரு வார்த்தை பேசவில்லை. அக்கா பயந்துபோய்த் தொட்டுப் பார்த்தாள், காய்ச்சலோ என்று. அத்தான்தான் நேரே காய்கறிச் சந்தைக்குப் போய் வெங்காயக்காரரின் சட்டையைப் பிடித்தார்.

"ஏன்யா, உனக்கு வெக்கமா இல்ல?"

"அதைத்தான் இத்தனை நாள் அவங்க பட்டுக்கிட்டு இருந்தாங்களே, எனக்கு எதுக்கு?" என்றார் வெங்காயக்காரர். பிறகு சட்டையை விடுவித்துக்கொண்டு, முதுகைத் தடவினார். "மூட்டை தூக்கித் தூக்கித் தண்டுவடமே போச்சுப்பா. சும்மா கிடக்கு, மூட்டையை வெச்சுத் தள்ளலாம்னு எடுத்தேன். உன் மச்சினிக்கு எப்ப வேலை?"

"காலைல இருந்து மதியம்வரை."

"எனக்கு லோடு வர்றதே மதியத்துக்கு மேலதான். காலைல அவ வெச்சுக்கட்டும். ஆனா டயருக்குக் காத்து அவதான் அடிக்கணும், சொல்லிட்டேன். சும்மாவெல்லாம் குடுக்க மாட்டேன்."

நீதித் தோழமையின் எந்தப் பிரிவிலும் இப்படியொரு திட்டம் கிடையாது. அதற்குப் பெயரும் கிடையாது.

இப்படியாக ரேடியோ மாதத்தின் கடைசி நாளில், வெங்காய வாசனை வீசும் நாற்காலியில் சரிவேறி, அகலக் கதவு நுழைந்து, மைக்கின் முன்னால் போய்ச் சேர்ந்தாள். மைக்குக்குப் பக்கத்தில் ஒரு சிவப்புப் பொத்தான் இருந்தது. அழுத்தினால் கிளம்பவிருக்கும் ஓட்டுநருக்கு 'பொறு' என்று விளக்கெரியும். அவசரத்துக்கு மட்டும் என்றார் மேலாளர். ரேடியோவுக்கு எல்லாமே அவசரமாகத் தெரிந்தது. குழந்தையோடு ஓடிவருகிறவள், ஒரு செருப்பைத் தொலைத்தவர், கழிப்பறையிலிருந்து கணவன் வராமல் தவிக்கும் மனைவி, எல்லோருக்கும் அழுத்தினாள். "உன்னால ஊர்ல ஒரு பஸ்ஸும் நேரத்துக்குப் போறதில்ல" என்று மேலாளர் திட்டினார். "யாராவது இறங்கிப் போயிட்டாங்களா சார்?" என்று அவள் திருப்பிக் கேட்டாள்.

மழைக்காலம் வந்தது. ஒருநாள் காலை, தலைநகரம் போகிற விரைவுப் பேருந்து உறுமிக்கொண்டு நிற்கும்போது, அறிவிப்பு அறையின் ஜன்னலை யாரோ படபடவென்று தட்டினார்கள். தோழி மேடம். ஒரு கையில் பெட்டி, ஒரு கையில் அறுந்த செருப்பு. 'கொடாமையின் வழியே சமூக மாற்றம்' என்பதற்காக அவளுக்குத் தலைநகரத்தில் விருது. கார் வழியில் பழுதாகிவிட்டது. இதை விட்டால் சாயங்காலம்தான் அடுத்த பஸ்.

"ஒரே ஒரு நிமிஷம் நிறுத்தச் சொல்லுங்க... அட! நீங்க நம்ம அட்டைப்படத் தோழியில்ல? வேலைல சேர்ந்துட்டீங்களா! பார்த்தீங்களா, நாங்க கொடுக்காததாலதான் நீங்களே ஜெயிச்சீங்க! சீக்கிரம் தோழி, அந்தப் பொத்தானை அழுத்துங்க, ஒரு சின்ன உதவி."

அந்தக் கடைசிச் சொல் ஜன்னல் வழியாக உள்ளே வந்து மைக்கின் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டது.

ரேடியோவின் விரல் பழக்கத்தில் பொத்தானுக்குப் போனது, பாதியில் நின்றது. அப்போதுதான் தோழி மேடத்துக்குப் பின்னால், மழையில் நனைந்து, இரண்டு கையிலும் பெயின்ட் வாளியோடு ஓடிவருகிறவரையும் பார்த்தாள். அத்தான். தலைநகரத்தில் ஒரு மேஸ்திரியிடம் மூன்று மாத வேலை பேசியிருந்தார். இன்று மதியத்துக்குள் போய் நிற்காவிட்டால் வேறு ஆளைப் போட்டுவிடுவார்கள் என்று நேற்று சாப்பிடும்போதுகூடச் சொன்னார்.

"ஏ ரேடியோ! நிறுத்தச் சொல்லு! நான்தான், அத்தான்!"

அழுத்தினால் இருவருக்கும் நிற்கும். அழுத்தாவிட்டால் இருவருக்கும் போய்விடும். ஒருவருக்கு மட்டும் நிற்கிற பஸ் இன்னும் கண்டுபிடிக்கப்படவில்லை. அது அவளுக்குத் தெரியாததல்ல. அத்தானின் முதுகும் தெரியும், அந்த முதுகின் மேல் எத்தனை முறை ஏறினோம் என்பதும் தெரியும். ஆனால் மாதக் கணக்காக ஒரு பதில் அவளுடைய வாயில் ஊறிக்கொண்டிருந்தது. அத்தனை பொருத்தமான நேரத்தில், அத்தனை பொருத்தமான ஆளிடம், கையில் மைக்கோடு, அதை விழுங்குவதென்றால் அதற்கு நீதியெல்லாம் போதாது. வேறு ஏதோ வேண்டும். விரல் பொத்தானைத் தாண்டிப் போய் மைக்கைத் தட்டியது.

நிலையமே பின்னர் கைதட்டியது என்றும், கைதட்டியவர்களில் பாதிப் பேர் அந்தப் பஸ்ஸைத் தவறவிட்டவர்கள் என்றும் சொல்கிறார்கள். அன்று வழங்கப்பட்ட பதில், கனிவான குரலில், இதுதான்:

"பயணிகளின் கனிவான கவனத்திற்கு. தலைநகரம் செல்லும் விரைவுப் பேருந்து இப்போது புறப்படுகிறது. அதை நிறுத்திவைப்பது உதவி. உதவி செய்தால் நிறுத்துகிறவர் மேலே, ஏறுகிறவர் கீழே என்றாகிவிடும். உங்கள் சுயமரியாதையை முன்னிட்டு, பேருந்து நிறுத்தப்பட மாட்டாது. தவறவிட்ட அனைவருடனும் இந்த நிலையம் நிற்கிறது. அத்தான், உங்களுடனும்தான்."